வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவே நாலு கம்பி

இரண்டு பழைய லேண்ட்லைன் போன், இரண்டு பேட்டரி, கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் ஒரு ரெசிஸ்டர், கொஞ்சம் கம்பி. வீட்டுக்குள் பேசிக்கொள்ள ஒரு இன்டர்காம் செய்ய இவ்வளவு போதும். சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்த பத்தாம் வகுப்புப் பையன் ஒரு மத்தியானத்தில் மேஜைமேல் இணைத்துப் பேசிவிடுவான். அதே சாமானை ராமநாதபுரம் கடலோரத்தில் ஒரு வீட்டில் மாட்டி, அது ஒரு மழைக்காலத்தைத் தாண்டியும் பேச வேண்டும் என்றால் அது வேறு வேலை. இங்கே சர்க்யூட்டுக்கு ஆகும் நேரம் கொஞ்சம். கம்பி முடிகிற முனைகளுக்கு ஆகும் நேரம்தான் அதிகம்.

எங்கள் வீடு தங்கச்சிமடத்தில். பாம்பனுக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில், தீவுக்குள் இருக்கிற ஊர். வெளியூர்க்காரர்களுக்கு இது மீன்பிடி ஊர். பூ விவசாயம் செய்கிறவர்களுக்கு மல்லிகை நாற்று வாங்கும் ஊர். அப்பா வீட்டுக்குப் பின்னால் நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறார். மணல் தரை, வரிசையாகப் பாத்திகள், கடைசியில் மோட்டார் கொட்டகை. அடுப்படியில் இருந்து கொட்டகை வரை, கம்பி போகிற வழியில் அளந்தால் எழுபது மீட்டர் வரும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. நாற்று வாங்க ஆள் வந்துவிட்டால் அந்த எழுபது மீட்டர் மணலில் போய்ச் சொல்லிவிட்டுத் திரும்புவது அவளுக்குப் பெரிய பயணம். வாசலில் நின்று கூப்பிட்டால் கேட்காது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று, ஐப்பசிக்கு மேல் வாடை. பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே விடமாட்டார்கள். அதில் பாதிக் காற்று போதும், ஒரு பெண்ணின் குரலை வேலிக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட.

செல்போன் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது. சட்டை கொட்டகை ஆணியில் தொங்குகிறது. அப்பா பாத்தியில் இருக்கிறார். மணி அடித்து ஓடிவந்து எடுத்தாலும் ஈரமண் அப்பிய விரலைத் தொடுதிரை மதிப்பதில்லை. அது போக, புயல் மழை என்றால் முதலில் கரண்ட் போகும், அப்புறம் டவரின் பேட்டரி தீர்ந்து சிக்னல் போகும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்ததே, அந்த மாதிரி நாளில் வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவில் யாருடைய தயவும் இல்லாத ஒரு வழி இருந்தால் நல்லது என்று தோன்றியது.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் இல்லை. பி.காம். ரேடியோவைக் கழற்றிப் பார்க்கிற பழக்கம் மட்டும் சின்ன வயதில் இருந்து உண்டு.

இன்டர்காம் என்றதும் பலரும் முதலில் கையில் எடுப்பது எல்.எம். 386 சிப் வைத்த ஸ்பீக்கர் இன்டர்காம்தான். எட்டுக் கால் உள்ள சின்ன ஆம்பிளிஃபயர் சிப் அது. 4 வோல்ட்டில் இருந்து 12 வோல்ட் வரை ஓடும். சும்மா விட்டால் 20 மடங்கு பெருக்கும். முதல் காலுக்கும் எட்டாம் காலுக்கும் நடுவில் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் (நேராக ஓடும் கரண்ட்டைத் தடுத்து, குரல் மாதிரி அசையும் கரண்ட்டை விடும் பொருள்) ஒன்றை வைத்தால் 200 மடங்கு. இரண்டு பக்கமும் 8 ஓம் ஸ்பீக்கர். சுவிட்சை அழுத்தினால் அந்த ஸ்பீக்கரே மைக் ஆகிவிடும், விட்டால் மறுபடியும் ஸ்பீக்கர். அழகான யோசனை. ஒரே அறைக்குள் செய்து பார்க்க இதைவிட நல்ல பாடம் கிடையாது.

ஆனால் எங்கள் பண்ணைக்கு அது ஆகாது. காரணம் கம்பியின் நீளம். டெலிபோன் வயரில் உள்ளே இருக்கும் செம்பு அரை மில்லிமீட்டர் தடிமன். அது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 88 ஓம் தடை கொடுக்கும். எழுபது மீட்டர் போய்த் திரும்பினால் 12 ஓம் சொச்சம். ஸ்பீக்கரே 8 ஓம்தான். ஆக அனுப்புகிற சத்தத்தில் பாதிக்கு மேல் வழியிலேயே கம்பியைச் சூடாக்கித் தீர்ந்துபோகும். தடித்த கம்பி போடலாம், செலவு ஏறும். இன்னொன்று, ஸ்பீக்கர் மைக்காக வேலை செய்யும்போது அதில் வருவது சில மில்லிவோல்ட் மட்டும். பக்கத்தில் மோட்டாருக்குப் போகும் 230 வோல்ட் லைன் ஓடுகிறது. அதன் உறுமலையும் சேர்த்து 200 மடங்கு பெருக்கினால் அம்மாவின் குரலைத் தேடத்தான் வேண்டும். இது எல்லாவற்றையும் சமாளித்தாலும் அழுத்திப் பேசு, விட்டுக் கேள் என்பது எங்கள் வீட்டில் நடக்காது. அம்மா பேச ஆரம்பித்தால் சுவிட்சில் இருந்து விரலை எடுக்க மாட்டாள்.

பழைய டெலிபோனுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. எக்ஸ்சேஞ்சில் இருந்து பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வீட்டிலும் பேச வேண்டும் என்று யோசித்துச் செய்த பொருள் அது. அதன் தடை நூற்றுக்கணக்கான ஓம். அதற்கு முன்னால் 12 ஓம் ஒரு பொருட்டே இல்லை. ரிசீவரைக் காதோடு அழுத்தி வைத்துக்கொள்வதால் காற்றுச் சத்தம் ஒதுங்கிவிடும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசலாம், சண்டைகூடப் போடலாம்.

போன் எங்கே கிடைக்கும்? காயலான் கடையில். ஒரு காலத்தில் லேண்ட்லைன் கனெக்‌ஷனுக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தவர்களின் பிள்ளைகள் அதை எடைக்குப் போட்டுவிட்டார்கள். எடுக்கும்போது கார்ட்லெஸ் போனை ஒதுக்கிவிடுங்கள். சுவர் பிளக்கில் தனியாகக் கரண்ட் கேட்காத, சாதாரணப் பட்டன் போன் போதும். பெங்களூரு ஐ.டி.ஐ. தொழிற்சாலை செய்த சுழல் டயல் போன் கிடைத்தால் விடாதீர்கள். அதன் கார்பன் மைக்குக்கு 9 வோல்ட் பேட்டரி ஒன்றே போதும். ஒரே குறை, ஈரக்காற்றில் உள்ளே இருக்கும் கரித்துகள் கட்டிதட்டிக்கொள்ளும். அந்தக் காலத்தில் பேசுவதற்கு முன்னால் ரிசீவரை உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டுவார்களே, அது அந்தக் கட்டியை உதிர்க்கத்தான்.

எனக்குக் கிடைத்தவை பட்டன் போன்கள். இவற்றுக்குள் சின்ன எலக்ட்ரானிக் போர்டு இருக்கும். அது ஒவ்வொன்றும் தனக்கென்று 6, 7 வோல்ட் எடுத்துக்கொள்ளும். இரண்டையும் தொடராக, அதாவது ஒன்றின் வழியாகப் போகும் கரண்ட்டே மற்றதின் வழியாகவும் போகிற மாதிரி இணைத்தால் போனுக்கே 14 வோல்ட் போய்விடும். அதனால் யூ.பி.எஸ்.ஸில் இருந்து கழற்றிய 12 வோல்ட் பேட்டரி இரண்டை ஒன்றின்பின் ஒன்றாக வைத்து 24 வோல்ட் ஆக்கினேன். மீதி 10 வோல்ட். போனில் நன்றாகப் பேச 20, 25 மில்லி ஆம்பியர் ஓட வேண்டும். 10 வோல்ட்டை 25 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 400 ஓம்; கடையில் கிடைப்பது 390. அரை வாட் ரெசிஸ்டர் தாங்கும். அந்த ரெசிஸ்டரின் குறுக்கே 100 மைக்ரோஃபாரட், 63 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்றைப் போட்டால் குரல் ரெசிஸ்டரில் சிக்காமல் பக்கவாட்டில் ஓடிவிடும், சத்தம் கொஞ்சம் கூடும். பாஸிட்டிவ் காலை பேட்டரியின் பாஸிட்டிவ் இருக்கும் பக்கம் வைக்க வேண்டும். சர்க்யூட் முடிந்தது.

இந்தத் தொடர் இணைப்பில் எனக்குப் பிடித்த விஷயம், இரண்டு ரிசீவரும் கையில் இருந்தால்தான் கரண்ட் ஓடும். ஒருவர் வைத்துவிட்டாலும் லைன் அறுந்துவிடும். சும்மா இருக்கும்போது செலவு ஒன்றும் இல்லை. 7 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால், கணக்குப்படி 280 மணி நேரம் பேசலாம். அப்பாவும் அம்மாவும் கல்யாணம் ஆன நாளில் இருந்து அவ்வளவு பேசியிருப்பார்களா என்பதே சந்தேகம். எல்.எம். 386 சும்மா இருக்கும்போதே 4 மில்லி ஆம்பியர் குடிக்கும். இதே பேட்டரி பேசாமலேயே இரண்டரை மாதத்தில் தீர்ந்துவிடும்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பேட்டரியை இணைப்பதற்கு முன்னால் ஒரு வேடிக்கை காட்டலாம். இரண்டு பழைய ரிசீவரைப் பிரித்து, காதில் வைக்கும் காந்தச்சுருள் குமிழ்களை மட்டும் நீளமான இரட்டைக் கம்பியால் இணையுங்கள். பேட்டரி வேண்டாம். ஒன்றில் பேசினால் மற்றதில் மெல்லிசாகக் கேட்கும். குரலின் அசைவே காந்தத்துக்குப் பக்கத்தில் மின்சாரத்தை உண்டாக்குகிறது. 1876-ல் கிரகாம் பெல் செய்தது அடிப்படையில் இதுதான். கப்பல்களில் கரண்ட் முழுக்கப் போனாலும் பேசுவதற்கென்று இதே முறையில் போன் வைத்திருக்கிறார்கள்.

சரி, பேச வழி ஆயிற்று. கூப்பிடுவது எப்படி? போனுக்குள் இருக்கும் மணியை 24 வோல்ட் பேட்டரியால் அடிக்க முடியாது. எக்ஸ்சேஞ்ச் அதற்கென்று 75 வோல்ட் அளவுக்கு மாறுதிசை மின்சாரம் அனுப்பும். அதை வீட்டில் உண்டாக்கப் போனால் எளிய வேலை எளியதாக இருக்காது. தனியாகப் பெல் சுவிட்ச், தனியாக பஸ்ஸர் என்று வைத்துக்கொள்வதே மேல். டெலிபோன் வயரில் இரண்டு ஜோடி இருக்கும். ஒரு ஜோடி பேச்சுக்கு. இன்னொரு ஜோடியில் ஒரு கம்பி வீட்டில் இருந்து கொட்டகை பஸ்ஸரை அடிக்க, மற்றது கொட்டகையில் இருந்து வீட்டு பஸ்ஸரை அடிக்க. பேச்சு ஜோடியில் பேட்டரியின் நெகட்டிவுக்குப் போகும் கம்பியே இவை இரண்டுக்கும் பொதுத் திரும்பு வழி. பஸ்ஸருக்கு 24 வேண்டாம். இரண்டு பேட்டரிக்கு நடுவில் இருந்து 12 வோல்ட் எடுத்தால் போதும்.

கடையில் பஸ்ஸர் கேட்டால் கொடுப்பது கறுப்பு நிறத்தில் வட்டமாக இருக்கும் பியஸோ பஸ்ஸர். கீச்சென்று 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கத்தும். இளம் காதுக்கு எரிச்சல் மூட்டும் சத்தம் அது. வயதாக ஆக மனிதர்களுக்கு முதலில் மங்குவது இந்த உயர்ந்த ஸ்வரங்கள்தான். அப்பாவுக்கு அறுபத்தெட்டு. மோட்டார் சத்தத்துக்கு நடுவில் கீச்சென்ற ஒலி அவருக்கு இருந்தும் இல்லாதது. மோட்டார் பைக் ஹாரன் வைத்துவிடலாமே என்றான் என் மச்சான். ஓம் விதி இடம் தராது. ஹாரன் ஆம்பியர் கணக்கில் கேட்கும். 12 ஓம் கம்பி வழியாக 12 வோல்ட் அனுப்பினால் மறுமுனையை நேராகச் சேர்த்து வைத்தாலும் ஓர் ஆம்பியருக்கு மேல் ஓடாது. பழைய பாணியில் காந்தச்சுருளும் தகடும் வைத்து ‘டர்ர்ர்’ என்று 400 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அடிக்கும் 12 வோல்ட் பஸ்ஸர் இன்னும் சில கடைகளில் கிடைக்கிறது. 30 மில்லி ஆம்பியரில் ஓடும். அடிக்குரல் என்பதால் அப்பாவுக்குக் கேட்கிறது. அதன் குறுக்கே, கரண்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு ஒன்றைத் தலைகீழாகப் போட்டுவிடுங்கள். சுவிட்சின் முனை தீப்பொறியில் கரியாமல் இருக்கும்.

இனி கம்பி. கடலோரத்தில் இருப்பவர்கள் சர்க்யூட்டை மறந்தாலும் பரவாயில்லை, இதை மறக்கக்கூடாது.

மலிவாகக் கிடைக்கும் நெட்வொர்க் வயர்களில் நிறைய, செம்பு முலாம் பூசிய அலுமினியம். கத்தியால் முனையைச் சுரண்டினால் செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளை தெரியும். தூக்கினால் எடையே இருக்காது. உள்நாட்டில் ஓரளவு ஓடும். நம் பக்கம் வேண்டாம். செம்பும் அலுமினியமும் ஒட்டி இருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் அதுவே ஒரு பேட்டரி ஆகி, அலுமினியம் கரைய ஆரம்பிக்கும். வெளியில் இருந்து பார்த்தால் கம்பி நன்றாகவே இருக்கும், உள்ளே பொடி.

வெளியில் இழுக்கக் கறுப்பு உறை போட்ட, ஜெல்லி நிறைத்த டெலிபோன் கேபிள்தான் சரி. உறையில் ஓட்டை விழுந்தாலும் ஜெல்லி தண்ணீரை உள்ளே ஓடவிடாது. வெள்ளை நிற உள்வீட்டு வயர் வெயிலில் ஓரிரு வருஷத்தில் மொறுமொறுவென்று உடையும். மணலில் புதைக்கலாமா என்று யோசித்தேன். அப்பா எந்தப் பாத்தியை எப்போது மண்வெட்டியால் புரட்டுவார் என்று அவருக்கே தெரியாது. அதனால் பனைமட்டை வேலியை ஒட்டி, பி.வி.சி. பைப்புக்குள் விட்டு இழுத்தேன். பைப் இல்லாவிட்டால் அணில் விடாது. மோட்டார் லைனில் இருந்து முடிந்தவரை தள்ளிக் கட்ட வேண்டும். ஜோடியைக் கலைக்கக்கூடாது: பேச்சுக்கு வெள்ளை-நீலம் என்றால் அந்த ஜோடி மட்டும். முறுக்கிய இரண்டு கம்பியிலும் மோட்டாரின் உறுமல் சமமாக ஏறி ஒன்றையொன்று அழித்துவிடும். பேச்சுக்கு ஒரு ஜோடியில் ஒன்று, இன்னொரு ஜோடியில் ஒன்று என்று எடுத்தால் அந்த வசதி போய்விடும்.

எல்லாம் மாட்டி, பேசி, அப்பா “என்னடா, பக்கத்துல நின்னு பேசுற மாதிரியே இருக்கு” என்று சொன்னபின் சித்தப்பா வந்தார். தொலைபேசித் துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தீவு முழுக்கக் கம்பத்தில் ஏறியவர். போனைக் கையில்கூட எடுக்கவில்லை. நேராகக் கொட்டகையில் கம்பி முனைகளை மாட்டியிருக்கும் ஜங்ஷன் பாக்ஸைத் திறக்கச் சொன்னார்.

“காலையில கரகரங்குதா?”

“ஆமா சித்தப்பா. பத்து மணிக்கு மேல சரியாயிருது.”

“ஆகும். வெயில் ஏறுனா காயும்ல.”

சமையல் உப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். நம் ஊரில் இரவில் அதற்கு மேல்தான் இருக்கும். காற்றில் வந்து, கம்பியைத் திருகி மாட்டும் டெர்மினலில் படிகிற உப்பு, பகலில் கண்ணுக்குத் தெரியாத தூள். விடியற்காலையில் கரண்ட் கடத்தும் ஒரு மெல்லிய தண்ணீர்ப் படலம். மழையே வேண்டாம். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உலோகங்கள் அரிப்பதைச் சோதிக்க மண்டபத்தில் ஒரு மையம் வைத்திருக்கிறது. உலோகத்தை இங்கே கொண்டுவந்து காற்றில் வைத்தாலே போதும், சோதனை தன்னால் நடக்கும்.

சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாலு முனையையும் பார்த்தார். நான்காவது திருகைக் காட்டி, “இதுலதான் எந்நேரமும் கரண்ட் நிக்குது, சரியா?” என்றார். என் சர்க்யூட் அவருக்குத் தெரியாது. ஆனால் அவர் சொன்னது சரி. கொட்டகையில் இருந்து வீட்டு பஸ்ஸரை அடிக்கும் கம்பி அது. வீட்டுப் பக்கம் பேட்டரியின் பாஸிட்டிவ் பஸ்ஸர் வழியாக அதில் ஏறி, அப்பா எப்போது சுவிட்சை அழுத்துவார் என்று காத்துக்கொண்டே இருக்கும். மற்ற மூன்று திருகும் லேசாகக் கறுத்திருந்தன. இதில் மட்டும் பச்சை பூத்திருந்தது.

பிறகு அவர் சொன்னதுதான் இந்த வேலையில் நான் கற்ற பெரிய பாடம். இரண்டு உலோகத்துக்கு நடுவில் உப்பு ஈரம் இருந்து, கரண்ட் கசிந்தால், பாஸிட்டிவ் பக்கம் இருப்பதுதான் கரையும். நெகட்டிவ் பக்கம் பிழைத்துக்கொள்ளும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் 48 வோல்ட் பேட்டரியின் பாஸிட்டிவைப் பூமியில் இறக்கி, லைனை மைனஸ் 48-ல் வைத்திருப்பது இதற்காகத்தான். மண்ணுக்குள் கிலோமீட்டர் கணக்கில் ஓடும் செம்பு நெகட்டிவாக இருந்தால் கசிவு வந்தாலும் அது கரையாது. கரைய வேண்டியது எர்த் பக்கம், அதை மாற்றிக்கொள்ளலாம். உலகம் முழுக்க எக்ஸ்சேஞ்சுகள் இப்படித்தான் ஓடுகின்றன. “கம்பத்துல ஏறுற எங்களுக்கு இது ரெண்டாம் நாளே தெரிஞ்சிரும்” என்றார் சித்தப்பா, டீயை ஆற்றிக்கொண்டே.

இதற்குத் தீர்வு ஒன்று உண்டு. கொட்டகையில் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி வைத்து, சுவிட்சை அழுத்தும்போது மட்டும் அந்தக் கம்பியில் கரண்ட் ஏறும்படி செய்யலாம். யோசித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றேன். உப்பில் இருந்து ஒரு திருகைக் காப்பாற்றுவதா, பேட்டரியின் இரண்டு முனையையும் காப்பாற்றுவதா? ஒரு திருகு சுலபம். அந்தக் கம்பியை மட்டும் மற்ற மூன்றிலிருந்தும் தள்ளி, நடுவில் இரண்டு காலி டெர்மினல் விட்டு மாட்டினேன். நடுவில் தூரம் கூடினால் ஈரப் படலம் பாலம் போடுவது குறையும்.

வழியில் இருந்த மூட்டுகளை எல்லாம் சித்தப்பா வெட்டி எறிந்துவிட்டார். நான் முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருந்தவை அவை. நம் வெயிலில் டேப்பின் பசை உருகி வழிந்து, அப்புறம் அதற்குள் புகுந்த ஈரம் வெளியே போக வழி இருக்காது. அவர் பையில் இருந்து ஜெல்லி நிறைத்த சின்ன பிளாஸ்டிக் கனெக்டர்களை எடுத்தார். யூ.ஒய். கனெக்டர் என்பார்கள். உறையைச் சீவ வேண்டாம். இரண்டு கம்பியையும் நுழைத்துக் குறடால் அழுத்தினால் உள்ளே இருக்கும் தகடு உறையைக் கிழித்துச் செம்பைப் பிடித்துக்கொள்ளும், ஜெல்லி சுற்றிலும் மூடிக்கொள்ளும். அது கிடைக்காதவர்கள் சால்டர் வைத்து, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும், உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடலாம். சால்டர் ஒட்டுவதற்குத் தடவும் ஃப்ளக்ஸ் குங்கிலியம் (ரோசின்) கலந்ததாக இருக்கட்டும். பாத்திரம் ஒட்டுகிறவர் பயன்படுத்தும் அமில ஃப்ளக்ஸைத் தொடவே கூடாது. அதன் மிச்சம் உப்பு செய்வதை இன்னும் வேகமாகச் செய்யும். திருகு டெர்மினல்களை இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் அப்பிவிட வேண்டும். இறுக்கிய பிறகு, முன்னால் இல்லை.

ஜங்ஷன் பாக்ஸைப் பற்றி ஒன்று. காற்றுப் புகாமல் அடைத்துவிட்டால் பத்திரம் என்றுதான் யாருக்கும் தோன்றும். பகல் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து எப்படியோ ஒரு சந்தில் வெளியேறும். ராத்திரி குளிரும்போது அதே சந்து வழியாக ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். இப்படியே பெட்டி மூச்சு விட்டு விட்டு உள்ளே தண்ணீர் சேர்ந்துவிடும். பாக்ஸைக் கம்பி கீழ்ப்பக்கமாக நுழையும்படி மாட்டி, அடியில் ஒரு சின்ன ஓட்டை போட்டு, எறும்பு வராமல் அதில் கொஞ்சம் வலை ஒட்டினால் தண்ணீர் தங்காது. கம்பி நுழையும் இடத்துக்கு முன்னால் அதை ஒரு வளைவு கீழே தொங்கவிட வேண்டும். மழைத் தண்ணீர் கம்பியைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்குள் போகாமல் அந்த வளைவில் சொட்டிவிடும்.

இடி மின்னல் காலத்தில் கொட்டகைப் பக்கமும் வீட்டுப் பக்கமும் பிளக்கைப் பிடுங்கிவிடுவது நல்லது. எழுபது மீட்டர் கம்பி திறந்த வெளியில் ஓடுகிறது. இன்னொரு எச்சரிக்கை: வீட்டில் இன்னும் லேண்ட்லைன் வைத்திருப்பவர்கள் இதை அந்த லைனோடு எக்காரணத்துக்கும் சேர்க்கக்கூடாது. எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட்டும் 75 வோல்ட் மணியும் உங்கள் பேட்டரியோடு மோதும்.

இவ்வளவு செய்தபின் எங்கள் வீட்டில் அதிகம் பயன்படுவது எது தெரியுமா? பஸ்ஸர். ஒரு முறை அடித்தால் டீ. இரண்டு முறை அடித்தால் நாற்று வாங்க ஆள் வந்திருக்கிறது. நீளமாக அடித்தால் ‘மோட்டாரை நிறுத்துங்க, தொட்டி நிறைஞ்சிருச்சு.’ அம்மாவும் அப்பாவும் யாரிடமும் சொல்லாமல் அவர்களே பேசி வைத்துக்கொண்டது. அப்பா பதிலுக்கு ஒரு டர்ர். அதற்கு ‘சரி’ என்றும் பொருள், ‘தொல்லை பண்ணாதே’ என்றும் பொருள். எந்த அர்த்தம் என்று அம்மாவுக்குத் தெரிகிறது. போனை எடுப்பது பேரம் பேச வேண்டி வரும்போதுதான். “ஆயிரம் நாத்து கேக்குறாக, வண்டி வாடகை நம்ம தலையில கட்டுறாக, என்ன சொல்ல?” என்று வந்தவர் எதிரிலேயே ரிசீவரில் கேட்பாள். வந்தவர் அந்தப் பட்டன் போனைப் பார்க்கும் பார்வையைப் பார்க்க வேண்டுமே.

செய்தி பரவி, தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அத்தையும் தனக்கு ஒன்று வேண்டும் என்கிறாள். இங்கேதான் தொடர் இணைப்பு கைவிடும். மூன்றாவது போனை அதே வளையத்தில் சேர்த்தால், மூன்று பேரும் எடுத்தால் ஒழிய யாரும் பேச முடியாது. எக்ஸ்சேஞ்ச் செய்கிற மாதிரிதான் செய்ய வேண்டும்: ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக ஒரு சுருள் வழியாகக் கரண்ட் கொடுத்து, குரலை மட்டும் 2 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள் வழியாகப் பொது லைனில் சேர்ப்பது. சுருளுக்குப் பதில் பழைய சின்ன டிரான்ஸ்ஃபார்மரின் 230 வோல்ட் பக்கச் சுற்றை வைத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். அதன் தடை எவ்வளவு என்று முதலில் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். கூடுதலாக இருந்தால் போனுக்குக் கரண்ட் பற்றாது. இந்த முறையில் யார் யாரோடு பேசினாலும் மூன்றாவது ஆள் எடுத்து ஒட்டுக்கேட்கலாம். அத்தைக்கு அதைச் சொல்லவில்லை, அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன்.

கம்பியைத் தெருவுக்கு மேலே இழுக்க மின்வாரியக் கம்பத்தைத் தொடக்கூடாது. தண்ணீர் லாரி போகிற தெரு, உயரமும் வேண்டும். அத்தை வீட்டு மாடிக்கும் எங்கள் மாடிக்கும் நடுவில் எஃகுக் கம்பி கட்டி, அதில் கேபிளைத் தொங்கவிட வேண்டும். சாதாரண ஜி.ஐ. கம்பி, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி, நம் காற்றில் எத்தனை வருஷம் தாங்கும் என்று சித்தப்பாவிடம் கேட்டேன். நைலான் கயிறு வாங்கச் சொன்னார்.